வேரா அம்மாவின் பொடி டப்பி

புவனேஸ்வரிக்குக் கை சும்மா இராது. அடுத்த வீட்டுக் கதவுப் பிடியில் அழுக்கைக் கண்டால்கூடச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் நகருவாள். சென் ஜேம்ஸ் ரவுணில் அவள் குடியிருந்த அப்பார்ட்மென்டுக்கு வந்துபோக ஆளே கிடையாது. எழுபதுகளில் ரொறன்ரோவில் தமிழ் முகம் காண்பதே அபூர்வம். ஆரும் வராத வீட்டை எதற்கு இப்படித் தேய்க்கிறாய் என்று கணவர் தர்மகுலசிங்கம் கேட்பார். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வருகிற மனிதர் அவர். அவருக்கு ஒரு கதிரை கிடைத்தால் போதும்.

அந்தக் கைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை கிடைத்தது. வேரா அம்மா என்ற ரஷ்ய மூதாட்டிக்குச் சமைத்து, வீடு துடைத்து, தலை வாரிவிட வேண்டும். இருவரும் பேசியது உடைந்த இங்கிலீஷ்தான். ஆனால் கிழவி சொல்வதெல்லாம் புவனேஸ்வரியின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும்.

வேரா அம்மா பெரிய இடத்துப் பிள்ளை. புரட்சியில் தகப்பனைச் சுட்டுவிட்டார்கள். தாயும் மகளும் உடுத்த உடுப்போடு ஓடி, நகைகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டு, நாடு நாடாக அலைந்தார்கள். விற்காமல் மிஞ்சியது தகப்பனின் மூக்குப்பொடி டப்பி மட்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் தங்கப் பெட்டி. மூடியில் ஆழ்ந்த நீல எனாமல், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வைரங்கள். தினமும் தேநீருக்கு முன் வேரா அம்மா அதைத் திறந்து முகத்தருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். புவனேஸ்வரி அதை ஏதோ செபம் என்று நினைத்துக்கொண்டாள். பாவி, ஒருமுறை வாய்திறந்து கேட்டிருக்கலாம்.

ஒரு வசந்தத்தில் வேரா அம்மா கண் ஒப்பரேஷனுக்குப் போனார். “எங்கடை ஈஸ்டர் வருது. வீடு மினுங்கவேணும், புவனா” என்று சாவியைக் கொடுத்தார். சொல்லவா வேண்டும்! திரைச்சீலை முதல் கரண்டி வரை பளிச்சென்று ஆனபின், அவள் கண் டப்பியில் விழுந்தது. வைரங்களின் இடுக்கில் கறுப்பு. உள்ளே மூலைகளில் மண்ணிறத் தூசி. இவ்வளவு நல்ல சாமானை இப்படியா வைத்திருப்பது! தாய் ஊரிலிருந்து அனுப்பிய பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்து, நல்ல நாளுக்குத் தாலிக்கொடி கழுவுவதுபோல, மெல்லிய பிரஷால் உள்ளும் புறமும் தேய்த்தாள். தூசி நுரையோடு சிங்கில் இறங்கிப் போனது. தங்கம் சிரித்தது. அவளுக்கும் சிரிப்புத்தான்.

வேரா அம்மா ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். மறு கண்ணிலும் எல்லாம் புகைதான். முதலில் கேட்டது டப்பியை. திறந்தார், மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

“புவனா, என்ரை மூக்கு செத்துப்போச்சு.”

“என்ன மேடம்?”

“இதுக்குள்ளை அப்பாவின்ரை பொடி வாசம் இருக்கு. இவ்வளவு காலமும் அதைத்தான் மணந்துகொண்டு இருக்கிறன். இப்ப ஒண்டும் தெரியேல்லை.”

சிங்கில் இறங்கிப் போன தூசி என்னவென்று புவனேஸ்வரிக்கு இப்போதுதான் விளங்கியது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தேநீர் வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டாள்.

இரவு கணவர் கதையைக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார். “கல்லு ஏதும் விழுந்ததோ?”

“இல்லை.”

“எனாமல் உடைஞ்சதோ?”

“இல்லையப்பா.”

“பிறகென்ன? துப்பரவாக்கினது ஒரு குற்றமோ?”

தகப்பனைச் சுட்டவர்கள்கூட அந்த வாசத்தை விட்டுவைத்தார்கள், நான் கழுவி ஊற்றினேனே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. அவள் போட்ட சோறு அவளுக்கே இறங்கவில்லை. அங்கே வேரா அம்மாவும் சூப் கோப்பையைத் தள்ளி வைத்தார். மணக்காத சூப் எதற்கு என்றார். மூக்குக்கு ஒரு குறையும் இல்லை, அது புவனேஸ்வரிக்குத் தெரியும். நல்ல மூக்கைச் செத்த மூக்கென்று நம்பவைத்துப் பட்டினி போடுவது யார்? நான்தான். இனிப் பொறுக்க முடியாது, வேலை போனாலும் போகட்டும் என்று அடுத்த காலை போய்க் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

“மேடம், உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்.”

“முதல் நான் சொல்லுறன்.” வேரா அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. “டொக்டர் வந்தவர். வயசுக்கு மூக்கு போறது வழமையாம். புவனா, நான் எவ்வளவு பயந்தன் தெரியுமோ? நான் இல்லாத நேரம் வாசம் பெட்டியை விட்டுப் போட்டுது எண்டு நினைச்சன். போனது என்ரை மூக்குத்தான். அப்பா அங்கைதான் இருக்கிறார்.” டப்பியை நீட்டினார். “நீ மணந்து பார். இருக்கோ?”

பூந்திக்கொட்டையின் கசப்புத்தான் அடித்தது.

“இருக்கு” என்றாள் புவனேஸ்வரி.

“எப்பிடி இருக்கு?”

அந்தப் பொடியை அவள் ஒருநாளும் மணந்தவள் அல்ல. வேறு வழியில்லாமல் தன் அப்பாவின் சால்வையை நினைத்தாள். “காய்ஞ்ச புகையிலை… கொஞ்சம் வேர்வை… வெயிலிலை நிண்டிட்டு வந்த ஆள் மாதிரி.”

“ஓம்,” என்று வேரா அம்மா அழுதார். “ஓம், அவர்தான்.”

அன்று சூப் முழுவதையும் குடித்தார். மறுநாள் தேநீருக்கு முன் டப்பியைத் திறந்து, தன் முகத்துக்குக் கொண்டுபோகாமல், நேரே புவனேஸ்வரியின் மூக்கருகே பிடித்தார்.

“சொல்லு.”

புவனேஸ்வரி சொன்னாள்.