பனிச் சங்கும் சப்பாத்தும்

இன்று காலை எங்கள் கோட்-டெ-நெய்ஜ் தெருவில் பனிச் சங்கு ஊதியது. மொன்றியலில் இருந்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: பனி அள்ளும் வண்டிகள் வருமுன், தெருவோரக் கார்களை எடுக்கச் சொல்லி இழுவை வண்டி ஊளையிடும். தெருவே பைஜாமாவோடு ஓடும். எனக்கு மட்டும் அந்தோனி அண்ணையின் ஞாபகம் வந்துவிடும்.

வந்த புதிதில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். மன்னார்க்காரர். ஊரில் கடைசிச் சண்டையில் தோற்ற பக்கத்தில் நின்றவர். அதைப்பற்றி அவர் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. சங்கு ஊதினால் மட்டும் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவடியில் நிற்பார்.

"கார் இல்லாத ஆள், எங்கை அண்ணை போறியள்?"

"சும்மா, காத்து வாங்க." வெளியே மூக்கு விறைக்கும் குளிர்.

பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பு. ஈரச் சப்பாத்து நாறும் அந்த அறையில், இறந்தகாலம் படிப்பிக்கவென்று ரீச்சர் வாட்டர்லூவை எடுத்தார். நெப்போலியனின் படை பகல் முழுக்கச் சேற்றில் நின்று சண்டை பிடித்தது. பின்வாங்கியே அறியாத காவற்படை பின்வாங்கியதும் எல்லோருக்கும் மனம் விட்டுப்போயிற்று. களைத்துப் படுத்த இடமெல்லாம் துரத்தி வந்தவர்களின் மேளம் கேட்டது. எழும்பி எழும்பி ஓடினார்கள். மேளத்துக்குப் பின்னால் வந்ததோ கொஞ்சப் பேர்தானாம். வகுப்பே சிரித்தது, நானுந்தான்.

"ஏன் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை?" என்று ரீச்சர் கேட்டார்.

அண்ணை என் பக்கம் குனிந்து, தமிழில், மெல்லச் சொன்னார்: "திரும்பிப் பாத்தவன் ஒருத்தனும் எங்களோட வந்து சேரேல்லை, தம்பி."

அதன்பிறகு சங்கு ஊதினால் நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். சத்தம் ஓய்ந்ததும், "சரி, போயிட்டாங்கள்" என்பார். கறி மறுபடி அடுப்பில் ஏறும்.

போன மாசியில் ஆசுபத்திரியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கீழே சங்கு ஊதியது. போர்வைக்குள் அவருடைய கால்கள் சப்பாத்தைத் தேடின.

"பனி அள்ளுறாங்கள், அண்ணை."

"எனக்குத் தெரியும் தம்பி. காலுக்குத்தான் தெரியாது."

அடுத்த கிழமை அண்ணை போய்விட்டார். நான் அழுத அழுகையைப் பார்த்துத் தாதி என்னை அவருடைய தம்பி என்றே நினைத்தாள்.

இப்போது எனக்குக் கார் இருக்கிறது. இன்று சங்கு ஊதியதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடிக்குப் போனேன். பக்கத்தில் ஓராள் நிற்க இடம் விட்டு நின்றேன். சத்தம் ஓய்ந்தது. போயிட்டாங்கள் என்று சொல்ல ஆளில்லாததால் இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு கீழே இறங்கிப் பார்த்தால், காரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.