அக்கா போட்ட ஒரு காசு

இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கும். எங்கள் நாடு அவ்வளவுதான். அதற்கும் சொந்தக் காசு வேண்டுமாம். போன வருடம் புதிதாக ஓர் ஐந்து காசு அடித்துவிட்டார்கள். பக்கத்து நாட்டு நூறு காசின் அதே அகலம், அதே எடை. எந்தப் புத்திசாலிக்கு உதித்த யோசனையோ தெரியவில்லை.

பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அக்கா பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடித்தாள். தடிக் கண்ணாடி போட்டிருந்ததால் எங்கள் ஆட்களுக்கு அவள் சோடாபுட்டி. அதற்கும் சிரிப்பாளே தவிர கோபப்படமாட்டாள். அத்தான் படுத்த படுக்கையான பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலை போனால் எல்லை தாண்டும் அட்டையும் போய்விடும். எனக்கும் அங்கே அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி வேலை வாங்கிக் கொடுத்தாள்.

ஒருநாள், அங்கே நூறு காசு போட்டால் காபி தரும் மெஷினைத் திறந்தவன், எங்கள் ஐந்து காசு நாற்பத்தொன்றை அள்ளி மேஜைமேல் கொட்டினான். எங்கள் நாட்டுக்காரர்கள் ஆறு பேரையும் சூப்பர்வைசர் வரிசையாக நிறுத்தினார்.

"யார் போட்டது? இப்பவே சொல்லிடுங்க."

ஐந்து பேர் தரையைப் பார்த்தோம். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் ஒண்ணு போட்டேங்க. கண்ணு சரியாத் தெரியாம மாத்திப் போட்டுட்டேன். காபி வந்தப்புறம்தான் பர்ஸைப் பாத்தேன்."

"மீதி நாப்பது?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"ஒண்ணு போட்ட கைதானே நாப்பதும் போட்டிருக்கும்" என்று சொல்லி அவர் அக்காவின் அட்டையை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சூப்பர்வைசரைத் திட்டினேன். காசு அடித்தவனைத் திட்டினேன். கூட நின்ற நாலு பேரையும் விடவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த நாப்பதைப் போட்டது யாருன்னு உனக்குத் தெரியுமாடா?"

போட்டது நான். ஐந்து காசுக்கு நூறு காசுக் காபி என்று இரண்டு மாதமாக உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே குடித்தேன்.

"தெரியாதுக்கா."

"தெரிஞ்சாலும் சொல்லிடாத. அவன் வேலையாவது நிக்கட்டும்."

அத்தானின் மருந்துக்கு இப்போது நான்தான் பணம் கொடுக்கிறேன். வாங்கும்போதெல்லாம் அவள், "உனக்கு ரொம்பப் பெரிய மனசுடா" என்கிறாள்.