மூன்று முகூர்த்தம் தவறிய கோடை

1926 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணி. மழை இல்லை, மேகமும் இல்லை. இரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை அன்று சத்தமே போடவில்லை. அந்த அமைதியில்தான் விழித்துக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் முழுக்க மஞ்சள் வெயில்.

"அடியே, எழுந்திரு! மழை விட்டாச்சு!" என்று கத்தினேன்.

"எல்லாம் பார்த்தாச்சு. தெருவையே எழுப்பாம முகத்தைக் கழுவுங்க. டாலாவுக்குப் போக வேணாமா?" என்றாள் என் மனைவி. அவள் குளித்துத் தலை வாரிப் பூக்கூட வைத்திருந்தாள்.

சட்டைப் பொத்தானை இரண்டு முறை மாற்றிப் போட்டேன். அறுபத்து மூன்று வயது, பென்ஷன் வாங்குகிற துறைமுகக் கணக்கன். என் சொந்தக் கல்யாணத்தன்றுகூட இப்படிப் பதறியதில்லை. எங்கள் ஒரே மகன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் ஒரு பெண்ணை விரும்பினான். பெண்ணின் தகப்பனார் நம்மவர், நெல் ஆலையில் வேலை பார்த்துக் காலமானவர். தாயார் பர்மியப் பெண்மணி, படகுத்துறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மகனுக்கு வேலை இன்சீன் ரயில் பட்டறையில். நவம்பர் முதல் தேதி மாந்தலேயில் இருக்க வேண்டும் என்று ஆகஸ்டிலேயே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. தாலி கட்டாமல் ஊரை விட்டுப் போகிறவனுக்காகத் தன் மகள் காத்திருக்க மாட்டாள் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். "மழை விட்ட மொத ஞாயித்துக்கிழமை வாங்க. பதில் சொல்றேன்" என்று எங்களை அனுப்பியும் விட்டார். அன்றிலிருந்து நான் வானத்தைப் பார்த்தபடியே இருந்தேன்.

இந்த நிலைமைக்கு வந்ததற்குக் காரணம் அந்த வருஷத்துக் கோடையை நான் கழித்த விதம்தான். சம்பானில் ஏறி உட்கார்ந்து, படகோட்டி துடுப்புப் போட ஆரம்பித்ததும், அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஆறு அன்று எவ்வளவு அழகாக இருந்தது! தண்ணீர் முழுவதும் வெயில் நொறுங்கிக் கிடந்தது.

சித்திரையில் முதல் முகூர்த்தம் குறித்தோம். அது பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி விழுந்தது. தெருவுக்குத் தெரு வாளியோடு நிற்பார்களே, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நனைந்து சளி பிடித்துக்கொள்வார்களே என்று தள்ளி வைத்தேன். அடுத்தது மே மாதம். அது கத்திரி வெயில் காலம், பஞ்சாங்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதையும் தள்ளினேன். நான் விலக்கிய அந்தக் காலையில் இரங்கூனில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முப்பத்தெட்டு வருஷம் இங்கே குடியிருந்தும், மதராஸ் பஞ்சாங்கத்தின் கத்திரி இந்த ஊர் மழையில் பாதியிலேயே கரைந்து போகும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

மூன்றாவது ஆனி மாதம். தாய்மாமன் இல்லாமலா என்று என் மைத்துனருக்காகக் காத்திருந்தோம். அவர் ஏறிய மதராஸ் கப்பல் ஆடி பிறந்த பிறகு வந்து சேர்ந்தது. துறைமுகத்தில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா, மாப்பிள்ளை?" என்பதுதான்.

ஆடி முடிந்த மறுநாளே தாம்பூலத் தட்டோடு டாலாவுக்கு ஓடினேன். அந்த அம்மாள் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"சம்பந்தி, இது எங்க வா மாசம். பிக்குங்க மழை முடியுற வரைக்கும் மடத்தை விட்டு நகர மாட்டாங்க. நாங்க கல்யாணம் பண்ண மாட்டோம். உங்க ஆடி ஒரு மாசம், எங்க ஆடி மூணு மாசம். இத்தனை வருசமா எங்க ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு இதுகூடவா தெரியாது?"

தெரியும். ஆனால் நம் பஞ்சாங்கத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

டாலாத் துறையில் சம்பான் முட்டி நின்றது. அம்மாள் கடை வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே பெண் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சாங்கம் கொண்டாந்தீங்களா, சம்பந்தி?"

"இல்லை."

"நான் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டேன்" என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நல்லது. இந்தப் பௌர்ணமிக்கு விளக்குத் திருநாள், அதோட எங்க வா முடியுது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலே கல்யாணம். வேற நாள் பேச்சு கிடையாது. சரின்னா சரி. இல்லேன்னா மீன் குழம்பு இருக்கு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

பௌர்ணமிக்கு மறுநாள் காலை பிரதமை. பஞ்சாங்கம் பானைக்குள் இருந்தால் என்ன, எனக்கு அது மனப்பாடம். பிரதமையில் எங்கள் வீட்டில் புதுத் துணிகூட உடுத்த மாட்டோம். அது என் மனைவிக்கும் தெரியும். அவள் முகம் சட்டென்று மாறியதிலேயே தெரிந்தது. உள்ளே தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. என் நாக்கு நுனியில் 'பிரதமை' என்ற சொல் வந்து நின்றது. கோடை முழுவதும் இப்படித்தான் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் வந்து நின்று, நான் அதைச் சொல்லிச் சொல்லி இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை நல்ல நாள்தான்" என்றேன்.

"நிசமாவா? எண்ணிப் பாக்கலியா?"

"எண்ணிட்டேன். இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு. பந்தலுக்கு மூங்கில் எங்கே கிடைக்கும், அதைச் சொல்லுங்க முதல்ல!"

அந்த அம்மாள் கைகொட்டிச் சிரித்துவிட்டு, "மகளே, லப்பெ கொண்டா!" என்று உள்ளே குரல் கொடுத்தார். பேச்சு முடிவானால் பர்மியர் வைக்கிற, எண்ணெயில் பிசைந்த அந்த ஊறல் தேயிலையை, வறுத்த எள்ளும் பூண்டும் சேர்த்து, பெண்ணே தட்டில் கொண்டுவந்து வைத்தாள். கதவோரம் போய் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்தாள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கசப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது முறையும் கேட்டேன்.

திரும்பும்போது என் மனைவி சம்பானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடு ஆற்றில், "அது பிரதமைங்க" என்றாள்.

"இவங்க ஊர்லே அது விளக்குக்கு மறுநாள்" என்றேன்.

சொன்ன நாளில், சொன்ன வேளையில், டாலாவில் கல்யாணம் நடந்தது. எங்கள் புரோகிதர் பிரதமை என்று வர மறுத்துவிட்டதால் தாலியை மைத்துனர் எடுத்துக் கொடுத்தார். கப்பலில் வந்ததற்குப் பலன் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாத முடிவில் மகனும் மருமகளும் மாந்தலே ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கையசைத்தார்கள்.

ஒரே ஒரு குறை. விளக்குத் திருநாள் சமயம் என்பதால் ஊரே ஆற்றைக் கடந்து பெரியவர்களை வணங்கப் போய்க்கொண்டிருந்தது, ஒரு படகோட்டியும் பேரத்துக்கு மசியவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரப் பதினான்கு சம்பான். கோடையில் என்றால் ஏழு ரூபாயில் முடிந்திருக்கும். கொடுத்தது இருபத்தொரு ரூபாய்.