போட்டது போட்டதுதான்

அமெரிக்கா வந்து ஆறு வருடமாகியும் எனக்குப் பழகாத காரியம் ஒன்று உண்டு. ஆபீஸ் கேஃபடீரியாவில் போன வாரம் வரை என்னோடு சாப்பிட்டவர்கள், பாதித் தட்டைச் சிரித்தபடியே குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு எழுந்து போவார்கள். நான் வயிறு வெடித்தாலும் வழித்துச் சாப்பிட்டுத்தான் எழுவேன். "போன வாரம் வரை" என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு எனக்கு அந்த ஆபீஸ் இல்லை. கம்பெனி ஆட்குறைப்பு செய்ததில் என் பெயரும் போய்விட்டது. கிரீன் கார்டு வரிசையில் பாதி தூரம் வந்திருந்தேன். வேறு கம்பெனி கிடைத்தால் மறுபடி முதலிலிருந்து.

மறுநாள் காலை, நாங்கள் குடியிருக்கும் எடிசனிலிருந்து சூதாட்ட ஊரான அட்லாண்டிக் சிட்டிக்கு பஸ் ஏறினேன். வேலை போன மனுஷன் சூதாடப் போனானா என்று ஊரில் இருப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அன்று அங்கே ஒரு போக்கர் போட்டி. இரண்டு மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்துப் பணமும் கட்டியிருந்தேன். கட்டியதை விடுவதா? ஆனால் உண்மைக் காரணம் சுமதி.

சுமதி என் மனைவி. கணக்கில் எம்.ஃபில். என்னோடு வந்த விசாவில் அவள் வேலைக்குப் போக முடியாது. ஆறு வருடமாகச் சும்மா இருக்கிறாள். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதா இருப்பதா என்று அவள் கேட்டபோதெல்லாம் நான் நழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் கொங்குப் பக்கம் இப்படி முடிவெடுக்க முடியாதபோது கோயிலில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள்; வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். நான் பஸ்ஸில் உட்கார்ந்து, கடைசி ஒன்பது பேரில் ஒருவனாக வந்தால் அமெரிக்கா, இல்லையென்றால் ஈரோடு என்று பூக் கேட்டுக்கொண்டேன். இதைவிடக் கோழைத்தனம் வேறு இருக்க முடியாது.

மதியம் இரண்டு மணிக்கு மிஞ்சியது பத்தே பேர். இன்னும் ஒருவர் வெளியேறினால் போதும். போக்கரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேர், தங்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, பணத்துக்குப் பதிலாக ஆடும் சில்லுகளை நடுவில் வைத்தாக வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பெயர். முறை சுற்றிச் சுற்றி வரும், தப்பிக்க முடியாது. அந்தச் சுற்றில் சின்ன பிளைண்ட் என் பக்கத்திலிருந்த பெட்டி என்ற வயதான அம்மாள். பெரியது நான்.

எதிரே தொப்பிக்காரன் ஒருவன் தொகையை ஏற்றினான். பெட்டி சட்டென்று சீட்டை வீசிவிட்டாள், வைத்த சில்லுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு ராஜா, ஒரு ஏழு. வீச வேண்டிய சீட்டு என்று எனக்கே தெரியும். ஆனால் என் கண் நடுவில் கிடந்த என் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தட்ஸ் நாட் யுவர்ஸ் எனிமோர், ஹனி" என்றாள் பெட்டி.

அவளுடைய சில்லை நான் எடுத்துவிட்டதாகச் சொல்கிறாள் என்று பதறி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, நடு மேசையில் நான் வைத்திருந்த சில்லுகளைக் காட்டினாள். டீலர், ஆட்டம் நடக்கும்போது பேசாதீர்கள் என்று அவளை அதட்டினார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஒருமுறை கோபி ஊரில் ஒரு தியேட்டரில் படம் மகா மட்டம். இடைவேளையில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. அப்பாவுக்கோ நல்ல காய்ச்சல். "டிக்கெட் எடுத்தாச்சல்லோ, உக்காரு" என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு கடைசி வரை நடுங்கியபடி பார்த்தார். நான் அவர் பிள்ளைதானே. மேலே சில்லு வைத்து ஆட்டத்தில் நின்றேன்.

எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்று சீட்டில் ஒரு ராஜா. வெள்ளைப் பூ என்று நினைத்து இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். தொப்பிக்காரன் யோசிக்காமல் ஈடு வைத்தான். அவனிடமும் ஒரு ராஜா, துணைக்கு என் ஏழை அடிக்கும் ஏஸ். அடுத்த இரண்டு சீட்டும் எனக்கு உதவவில்லை. பத்தாவதாக எழுந்தேன். பெட்டி என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வெளியே வந்து பொதுத் தொலைபேசியில் வீட்டைக் கூப்பிட்டேன். தோற்றதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"சுமதி, ஊருக்கே போயிரலாம். காலேஜுக்கு ஓகே சொல்லிரு."

"நான் புதன்கிழமையே வர்றேன்னு மெயில் போட்டுட்டேனுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"ஆறு வருசமா கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன்." பிறகு, "நீங்க வேணும்னா இருந்து வேற வேலை தேடிப் பாருங்க. எனக்காக வர வேண்டாம்" என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

புதன்கிழமை எனக்கு வேலை இருந்தது. அவள் ஆறு வருடத்தை நடுவிலேயே விட்டு எழுந்துவிட்டாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பஸ் நிலையத்தை ஒட்டிய டைனரில் ஒரு சீஸ் சாண்ட்விச் வாங்கினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. "ஆல் டன்?" என்று கேட்டு சர்வர் பெண் தட்டின்மேல் கை வைத்தாள். கொண்டுபோ என்று சொல்ல வாயெடுத்தவன், மிச்சத்தை எடுத்துப்போக டப்பா கேட்டேன். எடிசன் வரும் வரை அது என் மடியில் இருந்தது. சாப்பிடவும் முடியவில்லை, குப்பையில் போடவும் மனசு வரவில்லை.