வெட்டாமல் விட்ட நான்கு நொடி

என் தங்கை சிவரஞ்சனிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. போடியில் விசேஷ வீடுகளுக்கும் துக்க வீடுகளுக்கும் ஒலிப்பதிவுகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தருகிறாள். மவுஸைத் தொடமாட்டாள், எல்லாம் விசைப்பலகைதான். பேசுபவரின் மூச்சுக்கும் சொல்லுக்கும் நடுவில் பிசகாமல் வெட்டுவாள்.

போடிமெட்டு வளைவில் ஏலத்தோட்ட ஜீப் கவிழ்ந்து எங்கள் அம்மாவும், உடன் வந்த வேலுத்தாய் அத்தையும் இறந்தார்கள். அதற்குச் சற்றுமுன் அம்மா சிவரஞ்சனிக்குப் போனில் அனுப்பிய பதினெட்டு நொடிக் குரல் இருந்தது. "வந்துக்கிட்டிருக்கேன் ஆத்தா, உலை வையி."

முப்பதாம் நாள் காரியத்தில் அதைப் போட நினைத்தேன்.

"பேச்சு முடிஞ்சதும் வர்ற ஜீப்பு இரைச்சல வெட்டிரு ஆத்தா," என்றேன்.

ஷிப்ட்டை அழுத்தி அம்புக்குறியால் அந்தப் பகுதியைப் பிடித்து அழித்தாள். உடனே கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தி மீட்டாள்.

"என்னாச்சு?"

"அது வெறும் இரைச்சல் இல்லண்ணே. அதுக்குள்ள வேலுத்தாய் அத்த சிரிக்கிறாக. மாமாகிட்ட அவுக குரலு ஒண்ணுகூட இல்லையே."

அந்த நான்கு நொடியைத் தனியே எடுத்து, அத்தையின் வீட்டுக்காரர் உக்கிரபாண்டி மாமாவிடம் கொண்டுபோனோம். ஏழு முறை கேட்டார்.

"எதுக்குச் சிரிச்சா ஆத்தா?" என்றார்.

சிவரஞ்சனிக்கும் தெரியவில்லை.