கடைசி உஸ்மானியா பிஸ்கட்

இன்று மதியம் நாச்சாரத்தில், ஸ்டீபன் வீட்டில் எங்கள் வழக்கமான மாயாஜாலக் கதை விளையாட்டை ஆடினோம். கதையை நடத்துபவன் ஸ்டீபன். அதில் நான் மந்திரவாதி.

கதையில் என் மந்திரவாதி போகும் வழியில் குறி சொல்பவள் ஒருத்தி வந்தாள். அவளுக்காக ஸ்டீபன் சீட்டுக்கட்டைக் கலைத்தான்.

"கழுதை ஆட்டம் ஆடுவோம். கடைசியில யார் கையில சீட்டு மிஞ்சுதோ, அந்தச் சீட்டுதான் அவங்க தலையெழுத்து."

என் கையில் இஸ்பேட் ராணி மிஞ்சியது.

"இதுக்கு என்னடா அர்த்தம்?"

"நக்கோ மச்சான், கேக்காத."

தட்டில் இருந்த கடைசி உஸ்மானியா பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினான். யாருக்கும் பாதி பிஸ்கட்கூட விட்டுக்கொடுக்காதவன் அவன்.

சீட்டைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை; பிஸ்கட்டைப் பார்த்ததும் வந்தது.

அடுத்த ஞாயிறு என் மந்திரவாதி குகைக்குள் போகிறான். இரங்கல் தெரிவிப்பவர்கள் இப்போதே கமெண்டில் தெரிவிக்கலாம்.