பிரேமாவின் இன்சூரன்ஸ்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் என்னோடு கிளார்க்காக இருந்த பிரேமா, கிள்ளானில் தனியாக அலுவலகம் திறந்து, வழக்கறிஞர்களுக்குப் பத்திரம் தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு வழக்கறிஞர் கோபமாக நுழைந்தார். "பத்திரத்துல நிலத்தோட லாட் நம்பரையே மாத்தி அடிச்சிட்டியேமா! வீடு வாங்குறவரு கேஸ் போடப் போறாரு லா!"

மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

பிரேமா பத்திரத்தைப் பார்த்தாள். "ஆமா சார், டைப் பண்ணது நான்தான். வேலையில இப்படித் தப்பு நடந்தா நஷ்டத்தைக் கட்டத்தான் இன்சூரன்ஸ் எடுத்து வெச்சிருக்கேன்." அவர் எதிரிலேயே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பிறகு நஷ்டத்தை அந்தக் கம்பெனியே ஈடுகட்டியது.

அவளைப் பார்த்துவிட்டு அன்றே ரயிலில் திரும்பும்போது என் பொறாமை இன்னும் கூடியிருந்தது. அலுவலகத்தில் தப்பு நடந்தால், யார் தலையில் கட்டலாம் என்றுதான் நான் முதலில் யோசிப்பேன். அவளைப் போல் நிமிர்ந்து உட்கார என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.